பொம்மைப் பூங்காவில் கோமதியைத் தேடியது

டென்மார்க்கில் வயதுவந்த ஆண்கள் பொம்மை வைத்து விளையாடுவார்கள் என்று எழுதினால் ஊரில் யாரும் நம்பப்போவதில்லை. நான் வேலை பார்க்கும் மீன் ஆலையின் மேஸ்திரி யென்ஸுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். மதிய இடைவேளையில் ரொட்டியைத் தின்றுவிட்டு, சட்டைப்பையிலிருந்து சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளை எடுப்பார். ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வீடு கட்டுவார். கூரை போட்டு முடித்ததும் எல்லோருக்கும் காட்டுவார். யாரும் சிரிப்பதில்லை. ஜன்னல் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். சங்கரன்கோவில் ரத வீதியில் அந்த வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்து இப்படிச் செய்தால், வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

அதனால் இந்த வருடம் ஆலைச் சுற்றுலா பொம்மைப் பூங்காவுக்கு என்று அறிவித்தபோது ஆச்சரியப்பட்டது நான் ஒருவன்தான். “குழந்தைகளும் வருகிறார்களா?” என்று எனக்கு வந்த மொழியில் கேட்டேன். “குழந்தைகள் எதற்கு? வந்தால் நம்மை விளையாட விடமாட்டார்கள்” என்றார் யென்ஸ்.

எனக்கு வந்த மொழி என்பது ஏறக்குறைய நாற்பது வார்த்தை. அதில் பாதி மீன்களின் பெயர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. விசைத்தறியில் இருந்து, தூத்துக்குடிக்குப் போய், கப்பல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்து, கடைசியில் இந்தத் துறைமுகத்தில் இறங்கியவன். தமிழிலேயே நாலு பேர் முன்னால் பேச வராது. இங்கே வந்த புதிதில் யென்ஸ் காலைத் தடவிக்கொண்டு ‘பேன்’ வலிக்கிறது என்றார். நான் அவர் தலையைப் பார்த்தேன். பேன் கடிக்கும், வலிக்குமா? காலுக்கு இவர்கள் பேன் என்பார்கள் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் நான் அவர் பக்கத்தில் உட்காருவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

சுற்றுலாவுக்கு வரவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஒரு வாரமாக என் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. மைத்துனன் எழுதியது. சங்கரன்கோவிலில் அவன் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான்; கடைச் சீட்டின் பின்பக்கம்தான் எழுதுவான். என் மனைவி கோமதி தண்ணீர்க் குடத்தோடு படியில் விழுந்து இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை திருநெல்வேலியில் ஆபரேஷன். ‘நடந்தாலும் நடக்கலாம் என்கிறார் டாக்டர்’ என்று முடித்திருந்தான். கடிதம் எங்கே சுற்றியதோ, என் கைக்கு வந்தபோது அந்தத் திங்கட்கிழமை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. என்னைப் போல வெளிநாட்டில் கிடப்பவர்களுக்கு இது புரியும். அவள் நடப்பாளா மாட்டாளா என்பது அங்கே முடிவாகிவிட்டது. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஆலையில் டெலிபோன் இருந்தது. கேட்கக் கூச்சம். கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் உள்ளே.

ஆனால் வரவில்லை என்று சொல்ல, ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு நாற்பது வார்த்தை போதாது. பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பூங்காவில் ஒரு ஊரையே பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டி வைத்திருந்தார்கள். வீடுகள் என் முழங்கால் உயரம். தெருவில் விரல் நீளத்துக்கு மனிதர்கள். வாய்க்காலில் படகு தானாகப் போகிறது, பாலம் தானாகத் தூக்கிக்கொள்கிறது. ஆலைக்காரர்கள் முப்பது பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். யென்ஸ் ஒரு தேவாலயத்தின் ஜன்னலுக்குள் கண்ணை வைத்து, உள்ளே நாற்காலி இருக்கிறது என்று கத்தினார். பிறகு என்னைச் சின்ன ரயிலில் ஏற்றினார். என் முழங்கால் காதைத் தொட்டது; எனக்கு முன்னால் யென்ஸ் என்னைவிட மடங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் திரும்பி “நல்லாயிருக்கா?” என்று கேட்டார். நான் ஒவ்வொரு வளைவிலும் “நல்லாயிருக்கு” என்றேன்.

ரயிலிலிருந்து இறங்கினால் ஒரு கடை. உதிரிப் பாகங்களைத் தட்டுத் தட்டாகக் குவித்திருந்தார்கள். ஒரு தட்டில் தலை, ஒன்றில் கை, ஒன்றில் கால். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் சங்கரநாராயணர் கோவில் வாசலில் உரு விற்பதும் இப்படித்தான். தகட்டில் செய்த கண், கை, கால், பாம்பு, தேள். எந்த உறுப்பில் நோவோ அந்த உருவை வாங்கி, தலையைச் சுற்றி உண்டியலில் போடுவோம். டென்மார்க்கில் கால் விற்கிறார்கள் என்றால் நான் வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மஞ்சள் நிறத்தில் ஒரு கால் கேட்டேன். ஜோடியாகத்தான் விற்றார்கள். இன்னொன்றை அம்பாள் இன்னொரு சமயத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்து, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெளியே, பூச்செடிகளுக்கு நடுவில், சிவப்புப் பெட்டி ஒன்று இருந்தது. மேலே துவாரம், பக்கத்தில் பூட்டு. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி, காலை மூன்று தரம் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே சீருடை போட்ட ஒரு பெண் நிற்கிறாள். அது புகார்ப் பெட்டி.

பொம்மை உடைந்துவிட்டதா என்று கேட்டாள் போலிருக்கிறது. உடைந்தது என்ற வார்த்தை எனக்குத் தெரியும். ஆலையில் தினமும் ஏதாவது உடையும். அவள் முகம் நல்ல முகமாக இருந்தது. ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன். “என் கோனெ. பேன். உடைந்தது.” கோனெ என்றால் மனைவி.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “வோர்?” என்றாள். எங்கே என்று அர்த்தம். ஊர் எந்தத் திசை என்று எனக்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு. தென்கிழக்கே கையைக் காட்டினேன். அங்கே ராட்டினம் இருந்தது. அவள் ராட்டினத்தை நோக்கி ஓடினாள்.

நான் ஓடிவிட்டிருக்கலாம். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். சற்று நேரத்தில் அவள் இரண்டு ஆட்களோடும் ஒரு சக்கர நாற்காலியோடும் வந்தாள். ராட்டினத்தில் யாருமில்லை, உன் மனைவி எங்கே போனாள் என்று மூன்று பேரும் கேட்டார்கள். எனக்கு நாற்பது வார்த்தையும் மறந்துவிட்டது. அவள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து, “நவுன்?” என்றாள். பெயர். வேண்டுதலைச் செலுத்திவிட்டு நிற்கும்போது ஒருவர் எதிரே நின்று பெயர் கேட்டால் எங்கள் ஊர்க்காரன் என்ன சொல்வான்?

“கோமதி. சுவாதி நட்சத்திரம்.”

நட்சத்திரத்தை எழுத வராமல் விட்டுவிட்டாள். சுவாதியை எழுதிக்கொண்டாள்.

இரண்டு நிமிடத்தில் பூங்கா முழுக்க ஒலிபெருக்கி முழங்கியது. “ஃப்ரூ கோமதி சுவாதி! ஃப்ரூ கோமதி சுவாதி!” திருமதி கோமதி சுவாதி வாசலுக்கு வரவும் என்று சொல்கிறார்கள். சங்கரன்கோவிலில் தெருவில் நின்று கோமதி என்று அம்பாள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்து வீட்டிலிருந்து பதில் வரும். இங்கே ஒருத்தியும் திரும்பவில்லை. யென்ஸ்தான் வந்தார், மூச்சு வாங்க. கோமதி யார் என்று அவருக்குத் தெரியும், போட்டோ காட்டியிருக்கிறேன். “உன் கோனெ வந்துவிட்டாளா? எனக்குச் சொல்லவே இல்லையே!” என்று என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு சந்தோஷம் அந்த மனிதருக்கு.

வேறு வழியில்லாமல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தமிழை அவர்கள் எங்கே கண்டார்கள்? குடம் தூக்கிக் காட்டினேன். விழுந்து காட்டினேன். நிஜமாகவே தரையில் விழுந்தேன். தொடையைப் பிடித்தேன். “இந்தியா” என்றேன். யென்ஸ் என்னைத் தூக்கி நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். கடையின் பெயருக்குக் கீழே டெலிபோன் நம்பர் அச்சாகியிருந்தது. அவள் அதில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். யென்ஸ் என் கையைப் பிடித்து ஆபீசுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒலிபெருக்கியில் பேசுகிறவளிடம் விஷயத்தைச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கோமதியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சீருடைப் பெண் ரிசீவரை என் கையில் கொடுத்தாள்.

“அல்லோ! யாரு?”

“நான்தான் மாப்ள.”

“அத்தான்! என்ன திடீர்னு? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“உங்க அக்கா கால்…”

“ஏன், ரெண்டாவது லெட்டர் வரலியா? இருங்க, அவளையே கூப்பிடுதேன். பின்கட்டுலதான் இருக்கா. ஏ அக்கா! அத்தான் போன்ல!”

ரிசீவரை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. லைன் போய்விட்டதோ என்று காதை அழுத்திக்கொண்டேன். அப்புறம் தூரத்தில், தட். சிறிது நேரம் விட்டு, தட். கம்பு ஊன்றுகிற சத்தம். அதற்குப் பின்னால் செருப்பு இழுபடுகிற சத்தம். தட். மைத்துனன், “மெதுவா வா, போனு எங்கயும் ஓடிப்போகாது” என்கிறான். “நீ வழியில நிக்காதல, தள்ளு” என்கிறாள். யென்ஸ் என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டார். நான் இரண்டு விரலை மேஜைமேல் வைத்து நடத்திக் காட்டினேன்.

“சாப்டியளா?” என்றாள் கோமதி.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி ஆரம்பித்தது.

“யாரது? ஒரு பொம்பள எம்பேரச் சொல்லுதா?”

“மைக்ல கூப்பிடுதாக.”

“என்ன, அங்கனயும் தபசுத் திருநாளா? எதுக்குக் கூப்பிடுதாக?”

“உன்னக் காணோம்னு.”

“நான் இங்கனதான இருக்கேன்” என்றாள்.

ஒரு காதில் அவள் மூச்சு. நடந்து வந்ததில் இரைத்தது. இன்னொரு காதில் அவளை வாசலுக்கு வரச்சொல்லும் குரல். சீருடைப் பெண்ணுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது, நிறுத்தச் சொல்லட்டுமா என்று ஜன்னலைக் காட்டினாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும்.