பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டி, சிஸ்டத்தை அதில் ஏற்றினேன். ஜோராக ஓடியது. இனி எதற்கு என்று பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். அவ்வளவுதான், துவங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேப்பா இருந்துச்சு?" என்றாள். காலமெல்லாம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

திறந்த பெட்டியிலிருந்து சூடான தூசி வாசனை வந்தது. எனக்கென்னவோ அதில் கொஞ்சம் கற்பூரமும் சேர்ந்தே அடிக்கும். காரணம் பீன்யா தொழிற்பேட்டை.

என் முதல் வேலை அங்கே, பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலையில். பெயருக்கு எஞ்சினியர். ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆபீசில் ஒரே கம்ப்யூட்டர். அதில் பில் போடுபவர் ஸ்டெல்லா அக்கா, விவேக் நகரிலிருந்து பஸ் மாறி வருவார். பேக்கிங்கில் மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், வேலை முடிந்து கிளாஸுக்குப் போய்ப் படித்து அந்த நாற்காலியைப் பிடித்திருந்தார். ஓனர் ரங்கப்பாவுக்கோ கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கையே கிடையாது. "இன்னொரு தடவ மக்கர் பண்ணா வித்துட்டு கையிலயே பில் எழுதிக்கலாம். ஸ்டெல்லா பேக்கிங்குக்கே போகட்டும்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர், அதுதான் தொல்லை.

ஹார்ட் டிஸ்க் கரகரக்க ஆரம்பித்ததும் சர்வீஸ்காரர் வந்து புதியதை மாட்டி, சிஸ்டம் ஏற்றி, பழையதையும் உள்ளேயே விட்டுப் போனார். பிறகு ஆயுத பூஜை வந்தது. லேத்துக்குச் சந்தனம், வெல்டிங் மிஷினுக்கு வாழைக்கன்று, ஓனரின் ஸ்கூட்டருக்கு மாலை. திடீரென்று ரங்கப்பாவுக்கு மனம் இளகிவிட்டது. "அந்தப் பழசு இத்தன வருஷம் ஒழைச்சிருக்கு. கழட்டிக் கொண்டாப்பா, பூஜைல வெக்கலாம்." ஸ்பேனர்களுக்கு நடுவில், குங்குமமும் சாமந்தியுமாக, ஹார்ட் டிஸ்க் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

விடுமுறை முடிந்து வந்தால் கம்ப்யூட்டர் எழவில்லை. வாசலில் பில்லுக்காக லாரி நின்றது. நான் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். வேறொன்றும் தெரியவில்லை என்பதை எஞ்சினியர் எப்படி வெளியே சொல்வது? ஸ்டெல்லா அக்கா என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

"எப்படியாச்சும் எழுப்பிடு தம்பி. மறுபடி போய் ஆணி அடிக்க என்னால ஆவாதுப்பா."

ரங்கப்பா வந்தார். என்னைப் பார்த்தார், பூஜைத் தட்டைப் பார்த்தார்.

"பழச வெளிய தள்ளினா கோவம் வராதா? உள்ளயே போடு. பாவம், அது பாட்டுக்கு ஒரு மூலேல இருக்கட்டும்."

கழற்றச் சொன்னவரே அவர்தான் என்று நினைவூட்டும் வயதில் நான் இல்லை. பொட்டோடு மாட்டினேன். எழுந்துவிட்டது! ஸ்டெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். ரங்கப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"சார், சிஸ்டத்த எழுப்புற ஃபைல் மட்டும் பழசுலயே தங்கிடுச்சு. அது இல்லாம புதுசு ஓடாது."

"அதத்தானேப்பா நானும் சொன்னேன்" என்றார்.

அதன் பிறகு அந்த டிஸ்க்கைத் தொட யாருக்கும் துணிவில்லை. ஆண்டுதோறும் பெட்டியைத் திறந்து அங்கேயே பொட்டு வைத்தார்கள். ஸ்டெல்லா அக்காவின் நாற்காலியையும் யாரும் அசைக்கவில்லை. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது ரங்கப்பா இல்லை. அவர் மகன் பொறுப்புக்கு வந்தார், பில் எல்லாம் போனிலேயே போக ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் பழைய சாமான்காரனுக்குப் போனது. ஸ்டெல்லா அக்காவுக்குச் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். போன மாதம் விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"நான் இல்லன்னா ஒரு நாளாச்சும் வேலை நின்னுடும்னு நெனச்சேன் தம்பி. போன் போட்டுக் கேட்டேன். மறுநாளே லாரி கரெக்ட் டைமுக்குக் கெளம்பிடுச்சாம்."