லுவான் மாமா தராத முள்ளங்கி

எங்கள் சந்தில் எது நடந்தாலும் பழி ச்சியின் மேல்தான் விழும். உடம்புக்குள் ஓடும் உயிர்க்காற்று அது. கோபப்பட்டால் மேலே ஏறும், கவலைப்பட்டால் முடிச்சு விழும், பயந்தால் கீழே இறங்கும். நான் கணக்கில் தோற்றபோது, என் ச்சி முழுக்கக் காலில் இருக்கிறது என்றார் வாத்தியார். பள்ளிக்கூடச் சுவரைத் தலையால் தாண்ட முடியுமா என்ன? நானும் ஒப்புக்கொண்டேன்.

எதிர்வீட்டு லுவான் மாமா ஊறுகாய்க்காரர். முள்ளங்கியை மிளகாயோடு உப்புநீரில் ஊறப்போட்டு விற்பவர். அவருடைய மண்ஜாடிகளின் விளிம்பில் தண்ணீர் நிற்கும். மூடிக்கடியிலிருந்து அவ்வப்போது ‘குளுக்’ என்று காற்று வெளியே வரும். அந்தக் கடையில் சத்தம் போடுவது இரண்டுதான்: ஜாடிகள், பிறகு அவர் மனைவி யுன்ஷியா அத்தை. மாமா பேசமாட்டார். இளவயதில் மலையிலிருந்து கூடையோடு முள்ளங்கி விற்க வந்தவரிடம் அத்தை விலை பேசினாளாம். பேசி முடிப்பதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது என்பார்கள். பிள்ளைகள் இல்லை. நான் ஜாடியில் கைவிட்டால் அத்தை பார்க்காத மாதிரி இருப்பாள். தின்று முடித்த பிறகுதான் தெருவே கேட்கும்படி திருடன் என்பாள்.

போன கோடையில் அத்தையின் குரல் மெலிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோவ் வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, ச்சி வற்றிக்கொண்டே போகிறது, ஜின்செங் வேரைக் காய்ச்சிக் கொடு என்றார். கூடவே ஒரு பத்தியம்: முள்ளங்கி ஆகாது. ஜின்செங் ஏற்றுகிற ச்சியை முள்ளங்கி உடைத்துவிடும். இது எங்கள் ஊர்ப் பூனைக்கும் தெரியும்.

வாசனைகூடப் படக்கூடாது என்று மாமா ஜாடிகளையெல்லாம் எங்கள் கொல்லைக்கு மாற்றினார். அதாவது, என்னை நம்பி. பாவம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரே சண்டை.

“யோவ், ஒரே ஒரு துண்டு. நாக்கு செத்துப்போச்சுய்யா.”

“குடிச்ச கஷாயமெல்லாம் வீணாப் போகும். பேசாம படு.”

“கல்யாணத்துக்கு முன்னாடி கூடைகூடையா குடுத்தே. இப்ப ஒரு துண்டுக்கு மூக்கால அழறே.”

மாமா திட்டித் தீர்ப்பார். ஆயுள் முழுக்கப் பேசாமல் சேர்த்து வைத்ததை அந்தக் கோடையில்தான் பேசினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்பாள்.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கியபோது வைத்தியர் மறுபடி வந்தார். நெடுநேரம் நாடி பார்த்தார். கிளம்பும்போது வாசலில் நின்று மாமாவிடம் தணிந்த குரலில், “இனிமே அவங்க எது கேட்டாலும் குடுப்பா,” என்றார்.

எங்கள் ஊரில் யாரும் ‘பிழைக்கமாட்டாள்’ என்று சொல்வதில்லை. இப்படித்தான் சொல்வார்கள்.

மாமா எங்கள் கொல்லைக்கு வந்தார். ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து பார்த்து, நன்றாகச் சிவந்த முள்ளங்கி ஒன்றை எடுத்து, காகிதம் மாதிரி மெல்லிசாக நறுக்கினார். மிளகாய் எண்ணெய் ஊற்றினார். நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தபடி வாத்தியாரைப் பற்றிப் பொய்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

“கேட்டியே. சாப்பிடு.”

அத்தை தட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அத்தை பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். ஆரஞ்சு என் கையிலேயே நசுங்கியது.

“ஏன்யா, உனக்கு மூளை இருக்கா? ஜின்செங் குடிக்கிறவளுக்குப் போய் முள்ளங்கி குடுக்கறே. இவ்வளவு நாளா ஏத்தினதெல்லாம் என்னாகறது? எடுத்துட்டுப் போ.”

மாமா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு துண்டாக அவரே தின்றார். தின்று முடித்ததும் ஜின்செங் சட்டியை அடுப்பில் ஏற்றி விசிற ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் அத்தை மறுபடி ஒரு துண்டு கேட்டாள். மாமா மறுபடி திட்டினார். கேட்க அவளுக்குத் தெம்பில்லாமல் போன பிறகும், அவள் கண்ணைப் பார்த்தே, “முடியாதுன்னா முடியாது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

குளிர் தொடங்குவதற்குள் அத்தை போய்விட்டாள்.

இப்போது அவள் படத்துக்கு முன்னால் மாமா சோறு வைக்கிறார், பன்றிக்கறி வைக்கிறார், ஆரஞ்சு வைக்கிறார். எங்கள் கொல்லையில் ஜாடிகள் இன்னும் ‘குளுக்’ என்கின்றன. நான் அவற்றில் கை விடுவதில்லை, திருடன் என்று சொல்ல ஆளில்லை. புத்தாண்டன்று என் அம்மா தயங்கித் தயங்கி, “அவ்வளவு ஆசைப்பட்டாளே, ஒரு துண்டு முள்ளங்கி வையுங்களேன் அண்ணா,” என்றாள்.

மாமா படத்தைப் பார்த்துக்கொண்டே ஊதுபத்தியை நேராக நிறுத்தினார்.

“பத்தியம்,” என்றார்.