கிழக்குப் பார்த்த நிலை

லண்டன் எட்மண்டனில் தச்சர் சபாரத்தினம் ஓடாவியார் குடியிருந்த கவுன்சில் வீட்டுக்கு முன்கதவு ஒன்று இருந்தது. அதை அவர் திறந்ததே இல்லை. தபால்காரன் அதன் பொந்தால் கடிதம் போடுவான். கதவுக்கு அவ்வளவுதான் வேலை. வீட்டுக்காரரும் விருந்தாளிகளும் குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குசினிக் கதவால்தான் உள்ளே போக வேண்டும். முன்கதவுக்குக் குறுக்கே இரண்டு அரிசி மூட்டைகள் கிடந்தன.

ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வைத்திருந்தேன். ஓடாவியார் முன்னறையை யமனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார், யமன் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறார், தட்டினால் எழும்பிவிடுவார் என்று ஒரு முறை பக்கத்துத் தெருக் கணேசலிங்கத்தின் மனைவிக்குச் சொன்னேன். அந்த மனுசி ஒரு மாதம் அந்தத் தெருவால் போகவில்லை. உண்மை இவ்வளவு சுவையானதல்ல. அந்தக் கதவு தெற்குப் பார்த்தது. தெற்கு யமனுடைய திசை. தச்சு வேலையே பரம்பரையாகச் செய்த குடும்பத்தில் பிறந்தவர் தெற்கு வாசலால் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்.

அவருடைய மனைவி தவநாயகி என் தங்கையின் மகள். அதனால் எனக்கு அவர் மருமகன், அவருக்கு நான் மாமி. அவர் மரம் அறுக்கும் வாளை எடுத்தால் பலகை பயத்தில் தானே இரண்டாகிவிடும் என்று இணுவிலில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதும் நான்தான். ஆனால் அவர் தன் கையால் கட்டிய வீடு இணுவிலில் நின்றது உண்மை. எண்பத்து நான்கில் அதைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். எண்பத்தேழில் அது ஷெல் விழுந்து தரைமட்டமானது.

செய்தி வந்த அன்றும் அவர் டொட்டன்ஹாமில் கட்டட வேலைக்குப் போனார். போனாரே தவிர, கை வாளைப் பிடிக்கவில்லை. கூட வேலை செய்த கிளாரன்ஸ் என்ற தச்சர் அவரைப் பலகை அடுக்குக்குப் பின்னால் உட்கார்த்திவிட்டு இரண்டு பேருடைய வேலையையும் தானே செய்தார். மேற்பார்வைக்காரன் வந்து தேடியபோது, "சாபா மேல்மாடியில் நிற்கிறார்" என்று முகம் மாறாமல் பொய் சொன்னார். சபாரத்தினம் என்ற பெயர் அவர் வாயில் சாபா. கிளாரன்ஸ் சின்ன வயதில் கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்தவர். நம்மவருக்கோ இங்கிலீஷ் ஓடாது. ஆணி, பலகை, தேத்தண்ணீர் என்ற மூன்று சொல்லில் அந்தச் சிநேகிதம் வருடக்கணக்காக நடந்தது.

எண்பத்தொன்பதில் ஒரு சூறாவளி கிளாரன்ஸின் கிராமத்தை வழித்துக்கொண்டு போனது. கடலைப் பார்த்த மலைச்சரிவில் ஏழு குடும்பங்கள் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. அவர்களில் ஒருத்தி கிளாரன்ஸின் அக்கா ஐவி, கணவனை இழந்தவள், ஒரே மகள் வேறு ஊரில். கிளாரன்ஸ் போகும் தேவாலயம், சம்பளம் இல்லாமல் வந்து வீடு கட்டித் தர ஆட்களைத் தேடியது. ஓடாவியார் குசினியில் வந்து நின்றார்.

"தவம், நான் இரண்டு மாதம் அங்கை போறன்."

"சம்பளமும் இல்லாமல் கண்டறியாத ஊருக்கோ? இஞ்சை குளியலறைக் கதவு ஒரு வருசமாய்த் தொங்குது. அதைத் திருத்திப் பூட்டித் தாறதுக்கு உங்களுக்கு நேரமில்லை!"

"எங்கடை வீட்டைப் போய்க் கட்ட எனக்கு ஏலாது. அவன்ரை அக்காவின்ரை வீட்டைக் கட்ட ஏலும்தானே."

தவநாயகி போய்ப் பயணப் பெட்டியை இறக்கினாள். மிளகாய்த்தூளும் கம்பளிச் சட்டையும் கட்டிக் கொடுத்தாள். வெயில் நாட்டுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்க எனக்கும் மனம் வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு தை பிறந்ததும் அகதிக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகத்தோடு அவர் விமானம் ஏறினார்.

அங்கே நடந்ததை நான் அறிந்தது ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு. இருந்தாலும் நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

ஏழு வீட்டுக்கும் ஒரே படம். கடல் கிழக்கே, புயல் வருவதும் கிழக்கே இருந்துதான். ஆகவே கிழக்குச் சுவரில் கதவோ யன்னலோ வைக்கக் கூடாது, வாசல் தெற்கே என்று வரைந்து கொடுத்திருந்தார்கள். ஆறு வீடுகளில் ஓடாவியார் பல்லைக் கடித்துக்கொண்டு படத்தின்படியே வாசல் நிலையை நிறுத்தினார். ஏழாவது ஐவியின் வீடு. அந்த மனுசி ஒவ்வொரு நாளும் மத்தியானம் அவருக்கு மீன் பொரித்துக் கொண்டுவந்து, அவர் தின்று முடிக்கும்வரை காவல் நிற்பவள். கணவனை யமனுக்குக் கொடுத்தவளை அவன் வாசலிலேயே குடியிருத்த அவருக்கு மனம் வரவில்லை. கூட வந்திருந்த கிளாரன்ஸ் காய்ச்சலில் மூன்று நாள் படுத்தார். அந்த மூன்று நாளில் நிலையைக் கிழக்கே திருப்பி, நிலைக்கடியில் பொன் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பத்துப் பென்ஸ் நாணயத்தை வைத்து, தெற்குச் சுவரை அடைத்துவிட்டார்.

எழும்பி வந்த கிளாரன்ஸ் படத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். ஓடாவியார் தெற்குப் பக்கத்து மண்ணைக் காலால் தட்டினார். "கிரவுண்ட் சொஃப்ட். நோ குட்."

மண் கல்லுப் போல இருந்தது. கிளாரன்ஸ் குனிந்து பார்க்கவில்லை. சாபா சொன்னால் சரி.

ஐவி அந்த வாசலில் காலை வெயிலுக்கு உட்கார்ந்திருக்கிற புகைப்படம் ஒன்று வந்தது. தவநாயகி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம், "இவர் கட்டின வீடு" என்று காட்டுவாள். ஓடாவியாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

தொண்ணூற்றைந்து புரட்டாதியில் மறுபடியும் சூறாவளி அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கிளாரன்ஸ் குசினிக் கதவால் வந்து, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். நானும் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவள் என்பதால் மொழிபெயர்ப்பு எப்போதும் என் தலையில்தான்.

ஆறு வீடு நிற்கிறதாம். ஐவியின் வீட்டில் காற்று கதவை உடைத்து உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிவிட்டது. கூரை போனதும் சுவர் அவள்மேல் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உடலை எடுத்தார்களாம். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். ஓடாவியார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாரன்ஸ் கையை நீட்டி அவருடைய தோளைப் பிடித்தார். "உன்மேல் பிழை இல்லை, சாபா. அந்த மண்தான் சதி செய்தது. தெற்கே மண் இறுகியிருந்தால் அவள் இன்றைக்கு இருப்பாள்."

இதை நான் தமிழில் சொன்னதும் ஓடாவியார் எழும்பினார். சொல்லத் தொடங்கினார். தெற்குத் திசை, யமன், பொரித்த மீன், காய்ச்சல், பத்துப் பென்ஸ், காலால் தட்டிய மண், எல்லாம். தவநாயகி தலையில் கை வைத்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"சொல்லுங்கோ மாமி, அப்பிடியே சொல்லுங்கோ."

வாழ்நாள் முழுவதும் சும்மா இருந்த இடத்தில் பொய் சொன்னவள் நான். அன்றைக்குக் காரணத்தோடு சொன்னேன். கிளாரன்ஸைப் பார்த்து, "உங்கள் அக்காவுக்காக மிகவும் வருந்துகிறாராம்" என்று இங்கிலீஷில் ஒரு வசனம் சொல்லி நிறுத்தினேன்.

ஓடாவியார் என்னைப் பார்த்தார். மரத்தில் ஒரு நூலளவு பிசகினாலும் பிடிக்கிற கண்.

"நான் சொன்னது அவ்வளவு சின்னனோ, மாமி?"

"தம்பி, அந்த மனுசன் செத்தவீட்டிலை நிக்கிறார். இப்ப ஏன்?"

"அவன் மண்ணைத் திட்டுறான். மண் என்ன செய்தது?"

பிறகு என்னை விட்டுவிட்டுத் தன் நெஞ்சில் கையை வைத்துத் தானே சொன்னார். "டோர் ஈஸ்ட், மீ. கிரவுண்ட் குட். கிரவுண்ட் வெரி குட். ஐ லை."

கிளாரன்ஸ் என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை முழுவதையும் சொன்னேன், பத்துப் பென்ஸ் உட்பட. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும் எழும்பினார். குசினிக் கதவுக்குப் போக ஓடாவியாரைத் தாண்ட வேண்டும். அவர் அந்தப் பக்கம் போகாமல் முன்னறைக்குப் போனார். அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். இறுகிப்போயிருந்த கதவை இரண்டு தரம் இழுத்துத் திறந்து வெளியே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கதவையும் சாத்தவில்லை.

தவநாயகி ஓடிப்போய்ச் சாத்தினாள். மூட்டைகளை மறுபடியும் இழுக்கப் போனவளை ஓடாவியார் தடுத்தார். "கிடக்கட்டும்."

கிளாரன்ஸ் வேறு இடத்துக்கு வேலை மாறிவிட்டார். ஓடாவியார் டொட்டன்ஹாம் தேவாலயத்துக்கு இரண்டு முறை போனார். அவரைக் கண்டதும் கிளாரன்ஸ் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போனாராம். மூன்றாம் முறை இவர் போகவில்லை. படம் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தது. தவநாயகி கழற்றப் பார்த்தாள், அவர் விடவில்லை.

தொண்ணூற்றாறு மாசியில் முன்கதவுப் பொந்தால் ஒரு நீள உறை விழுந்தது. ஓடாவியார் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"வாசியுங்கோ மாமி."

வாசிக்க அதில் ஒன்றும் இல்லை. இனிமேல் கட்ட வேண்டிய ஒரு வீட்டின் வரைபடம். மூலையில் ஐவியின் மகளுடைய பெயர். தெற்குச் சுவரில் வாசல், அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் இரண்டு வட்டம். கிளாரன்ஸின் பென்சில் என்று ஓடாவியார் சொன்னார். உறைக்குள் தேவாலயம் ஓடாவியார் பெயரில் எடுத்த விமானச் சீட்டும் இருந்தது.

"கூப்பிடுறானோ, குத்திக் காட்டுறானோ?"

"இரண்டுமாய் இருக்கும், தம்பி."

"ஓம்" என்றார்.

போகிற அன்று காலை, தச்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே முன்னறைக்குப் போனார்.

"இஞ்சாருங்கோ! தெற்கு வாசல்! போற காரியத்துக்கு..." என்று தவநாயகி கத்தினாள்.

"தெரியும்" என்று சொல்லிக் கதவைத் திறந்து போனார்.

ஆறு கிழமையில் கட்டி முடித்துத் திரும்பினார். தெற்கு நிலை நிறுத்தும்போது ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தைக் கிளாரன்ஸும் பிடித்தார்களாம். மட்டம் பார்க்கும் வரைக்கும் பிடித்திருந்தார்களாம். வழக்கமாக இந்த இடத்தில் நான் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து அழ வைத்திருப்பேன். அவர்கள் கட்டிப்பிடிக்கவில்லை. அந்த ஆறு கிழமையும் கிளாரன்ஸ் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆணி என்று கூட.