பதினொன்றாம் பக்கத்தில் இல்லாதவர்கள்

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியாகிவிட்டது. இருந்தும் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார் குழாய் பிட்டர். கிரீஸ் வாடை துளி இருந்தாலும் மூன்றாம் முறை கழுவுவார். அதன்பிறகுதான் குழாய்க் கிடங்கின் மூலையில், கழற்றிப்போட்ட ஒரு பழைய வால்வின் மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து காமிக்ஸை உருவுவார். அரை மணி நேர இடைவேளையில் பத்து நிமிடம்தான் சாப்பாட்டுக்கு. "புக்குல கறை பட்டுச்சுன்னா எனக்குச் சாப்பாடு இறங்காது" என்பார்.

வயது ஐம்பத்து நான்கு. குடிநீர்த் துறையில் முப்பது வருடமாகக் குழாய்ப் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் இரண்டு முழங்காலும் படியைக் கண்டாலே முனகுகின்றன. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் முகமூடி. அதற்கெல்லாம் அவர் கோபப்படுவதில்லை. கோபப்பட வேறு விஷயங்கள் ஏராளமாக வைத்திருக்கிறார். இந்த வயதில் பொம்மைப் புத்தகமா என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். "நீ பார்க்குற நியூஸ் சேனலை விட இதுல பொய் கம்மி, போய்யா" என்று துரத்திவிடுவார்.

சினிமாமேல் அவருக்குத் தீராத வழக்கு உண்டு. "ஒரு குத்துக்கு இருபது பேர் பறக்குறான். ஏன் பறக்குறான்? கேட்டா மாஸ்ங்குறான். போன பாகத்துல செத்தவன் இந்தப் பாகத்துல காபி குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். டிக்கெட் எடுத்தவன் என்ன இளிச்சவாயனா?" டிவி விவாதம் என்றால் ரிமோட்டைத் தேடுவார். "ஆறு பேர் ஒரே நேரத்துல கத்துறான். காமிக்ஸ்ல ஒருத்தன் பேசி முடிச்சாத்தான் அடுத்தவனுக்குப் பேச்சு பலூன். அந்த ஒழுங்குகூட இல்லாதவன் நாட்டைத் திருத்துறானாம்." அரசியல்வாதிகள் என்றால் குரல் இன்னும் ஏறும். "முகமூடி போட்டவன் ஊரைக் காப்பாத்திட்டுப் பேர் சொல்லாமப் போறான். இவனுங்க ஒரு பல்பு மாட்டினா, பல்பை விடப் பெருசா மூஞ்சியை மாட்டுறானுங்க."

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுக் கலைவதுதான் கிடங்கின் வழக்கம். இந்த மாதம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலத்தில் சந்தைத் தெருவின் பெரிய குழாய் வெடித்திருந்தது. பிட்டரும் வெல்டரும் இன்னும் இரண்டு பேரும் நெஞ்சளவு தண்ணீரில் ஒன்பது மணி நேரம் நின்று வால்வை மூடினார்கள். இரும்பு நழுவியதில் வெல்டரின் வலது கைச் சுண்டுவிரல் போயிற்று. அந்த வார்டு கவுன்சிலர் வந்து சேர்ந்தபோது தண்ணீர் வடிந்துவிட்டது. செருப்பு நனையாமல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது தேர்தல் நெருங்குகிறது. அந்த மனிதர் தன்னையே நாயகனாக்கி ஒரு காமிக்ஸ் அச்சடித்திருக்கிறார்! அதைக் கொண்டுவந்து நீட்டினார் பிரிவு அதிகாரி.

"யோவ் முகமூடி, ஞாயித்துக்கிழமை வெளியீட்டு விழா. முதல் பிரதியை நீதான் வாங்கணும்னு கவுன்சிலரே சொல்லிட்டார். அதிர்ஷ்டக்காரன்யா நீ."

பிட்டர் புரட்டிக்கொண்டே போய்ப் பதினொன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். முதுகில் போர்வை பறக்க, கவுன்சிலர் தன்னந்தனியாக வால்வைத் திருகுகிறார். பள்ளத்தில் வேறு ஈ காக்கை இல்லை.

"சார், இடப்பக்கம் திருகுறாரு. அப்படித் திருகினா தண்ணி நிக்காது, தெருவே முங்கிடும்."

"கதைதானேய்யா."

"கதைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா? கையைப் பாருங்க, ஆறு விரல். எவனோ கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்திருக்கான், திரும்பிக்கூடப் பார்க்கலை. வெல்டருக்கு ஒண்ணு போச்சு, இவருக்கு ஒண்ணு கூடிடுச்சு! நாலு பேர் நின்ன பள்ளம் சார் அது. நாங்க எங்க?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இனிமே பள்ளத்துல இறங்க முடியாதுன்னு பம்ப் நிலையத்துக்கு மாத்தல் கேட்டிருக்கே. அந்த ஃபைல் அவர் ஒரு வார்த்தை சொன்னாத்தான் நகரும். பார்த்துக்கோ."

வீட்டில் மனைவி பொரிந்து தள்ளிவிட்டாள். "நாலு படி ஏறினா நடுவுல உக்காந்துக்குறீங்க. ஒரு புக்கைக் கையில வாங்கினா என்ன தேய்ஞ்சா போயிடுவீங்க? உங்க காலுக்காகத்தாங்க கெஞ்சுறேன்." அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனாலேயே அவருக்கு இன்னும் எரிந்தது. தான் உயிராக மதிக்கும் ஒன்றைக் கொண்டே தன் வாயை அடைக்கிறார்களே என்று, போட்ட சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கூடவே வெல்டர். "மாப்ள, இங்க எனக்கு என்ன வேலை?" என்று அவர் அரங்கின் வாசலிலேயே தயங்கினார். "வா, சொல்றேன்" என்ற பிட்டர் கடைசிவரை சொல்லவில்லை.

மைக்கில் அழைத்ததும் வெல்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் பிட்டர். கால் வலிக்காரருக்குத் துணையாக வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும், மேடையில் யாரும் தடுக்கவில்லை. ஆறு படிகளையும் நிற்காமல் ஏறினார். கவுன்சிலர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி புத்தகத்தை நீட்டினார். போட்டோ எடுப்பவர்கள் நெருங்கி வந்தார்கள். முன்வரிசையில் அதிகாரி கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

பிட்டர் கை நீட்டவில்லை. பேன்ட் பைக்குள் ஒளிந்திருந்த வெல்டரின் வலது கையை மெல்ல வெளியே எடுத்து, நான்கு விரலும் கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி விரித்து, கவுன்சிலர் நீட்டிய புத்தகத்தின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.