ஒரு ரேமைக் கழற்றிய ஞாயிறு

என் பட்டறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் தொங்குகிறது. நீங்கள் இருவரும் நடக்கப் பழகிய நாளிலிருந்து அதைப் பார்த்திருக்கிறீர்கள். மைலேஜ் பாட்டில். வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால், டேங்கிலிருந்து வரும் ட்யூபைக் கழற்றிவிட்டு, அந்தப் பாட்டிலில் நூறு மில்லி பெட்ரோல் ஊற்றி, ஹேண்டில்பாரில் கட்டிவிடுவேன். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்வேன். கேம்ப் ரோட்டில் கிளம்பி, சிட்லபாக்கம் ஏரிப் பக்கமாகச் சுற்றி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டவேண்டும். நின்ற இடத்தில் மீட்டரைப் பார்த்துப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு எவ்வளவு என்று வந்துவிடும். திரும்பி வர இன்னொரு பாட்டிலில் பெட்ரோல் கொடுத்தனுப்புவேன்.

பெரியவனே, உனக்கு ஒன்பது வயது இருக்கும். சில வண்டிகளை நானே ஓட்டிப் பார்ப்பேன்; அப்போது நீயும் பின்னால் ஏறிக்கொள்வாய். வண்டி நின்றதும் முதலில் இறங்கி, குனிந்து, மீட்டரில் மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்து எண்ணைச் சொல்வாய். ஒருநாள் கேட்டாய்: "பாட்டில் பொய் சொல்லாதுல்லப்பா?"

"பாட்டில் எப்படிடா பொய் சொல்லும்?" என்றேன்.

நான் சொன்னது சரிதான். ஆனால் கார்புரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி இருக்கிறது. அதைக் கால் சுற்று திருப்பினால் அன்றைக்கு மட்டும் பாட்டில் நல்ல கணக்குச் சொல்லும். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே போவார். நான்கு நாள் கழித்து "பிக்கப் இல்லையே" என்று வருவார். அப்போது பழையபடி திருப்பிவிடுவேன். இதை நான் செய்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதை எழுதி முடிக்க எனக்கு நாலு ஞாயிறு ஆனது. பெரியவன் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை எந்த இடத்தில், எப்படிப் போனது என்பதை இரண்டு பிள்ளைகளுக்கும் எழுதி வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

பெரியவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், சின்னவன் பத்தாவது. இருவருக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கடையில் தனித்தனியாகப் பாகம் வாங்கிச் சேர்த்துக் கட்டுகிற கம்ப்யூட்டர். அதில் பிராசஸர் என்பது நம் வண்டிக்கு எஞ்சின் மாதிரி என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். உலகத்தில் அதைச் செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் புது எஞ்சின் இறக்கின. இரண்டும் மேடை போட்டு, கேம் ஆட எங்களுடையதுதான் வேகம் என்றன. பெரியவன் ஒரு கம்பெனியைப் பிடித்துக்கொண்டான். சின்னவன் மற்றதை. எனக்கு இரண்டின் பேரும் வாயில் நுழையவில்லை. பெரியவன் கம்பெனி, சின்னவன் கம்பெனி என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது.

"உன் கம்பெனி ஓடுனா வூடே சூடாவும்டா. அதுமேல தோசை ஊத்தலாம்," என்பான் சின்னவன்.

"உன்னுது சூடே ஆவாது. ஓடுனாத்தான சூடாவும்."

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து, "எந்தக் கம்பெனியாவது ஒரு வேளை தோசை ஊத்திக் குடுத்தா சொல்லுங்கடா, அதையே வாங்கலாம்," என்பாள். மூன்று பேரும் சிரிப்பீர்கள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. கம்பெனிகள் வெளியிட்ட கோட்டுப் படங்களை இருவரும் பிரிண்ட் எடுத்து பீரோ கதவில் ஒட்டினீர்கள். வலது கதவு ஒருவன், இடது கதவு ஒருவன். நொடிக்கு எத்தனை படம் திரையில் மாறுகிறது என்பதற்கு அந்தக் கோடு. கோடு நீளமாக இருந்தால் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு சாயங்காலம் பெரியவன் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

"அப்பா, இந்தக் கோட்டப் பாரு. கீழ இருக்கறதவிட ரெண்டு மடங்கு நீளம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப நம்பரப் பாரு."

பார்த்தேன். எண்ணில் அப்படி ஒன்றும் வித்தியாசம் இல்லை.

"கோடு சைபர்ல ஆரம்பிக்கலப்பா. அடிய வெட்டிட்டு நுனிய மட்டும் காட்டறான். கீழ பொடி எழுத்து இருக்கு பாத்தியா? அவன் மிஷினுக்கு நல்ல ரேம், அதான்பா மெமரி, போட்டிருக்கான். எதிராளி மிஷினுக்கு மட்டமானது."

"இது தம்பியோட கம்பெனியா?"

"இல்லப்பா. இது என்னுது. ரெண்டு பேரும் அதான் பண்றான். பொடி எழுத்தப் படிக்காம எதையும் நம்பக்கூடாது."

தன் கம்பெனியின் பொய்யைத் தானே எனக்குக் காட்டினான். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்குத் தகுந்த மாதிரி நான் நடந்திருக்கலாம்.

சின்னவனுக்கு அந்த நிதானம் இல்லை. அரையாண்டுப் பரீட்சையில் மூன்று பாடம் போய்விட்டது. வீட்டில் வாய் திறக்காமல் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொள்வான். தட்டு போட்டால் "பசிக்கல" என்பான். கம்ப்யூட்டர் பேச்சு எடுத்தால் மட்டும் முகத்தில் களை வரும். உங்கள் அம்மா பயந்துவிட்டாள். "சின்னவன் சொன்னதையே வாங்கிடுங்க. பெரியவன் புரிஞ்சுப்பான்," என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. நம் வீட்டில் எது வந்தாலும் அப்படித்தானே நடந்தது. சைக்கிளை விட்டுக்கொடு, நீ பெரியவன். ஜன்னலோரப் படுக்கையை விட்டுக்கொடு, நீ பெரியவன்.

அவனிடம் சொன்னேன். அவன் முதல் தடவையாக மறுத்தான்.

"எல்லாத்தையும் விட்டேன்பா. இத சும்மா விட மாட்டேன். தோத்தா விடறேன். உன் பாட்டில் டெஸ்ட் மாதிரி வை. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஓட்டு. என்னுது தோத்துச்சுன்னா அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நானா டெஸ்ட் வைக்கணும்?"

"நீ வச்சாத்தான் நான் ஒத்துப்பேன்."

மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கிற கடைக்காரர் எனக்குப் பழக்கம். அவருடைய ஸ்கூட்டருக்கு நான்தான் சர்வீஸ். சனிக்கிழமை தனியாகப் போனேன்.

"இன்னா அண்ணா, பசங்க பஞ்சாயத்து இன்னும் முடியலியா?" என்றார்.

ரெண்டு மிஷினையும் ஒன்றாக ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

"ரெண்டும் ரெடியா கீது. வேற ஆளுங்க ஆர்டரு, திங்கக்கெழமதான் டெலிவரி. நாளைக்குக் காலைல பசங்கள இட்டாந்துடு. ஆனா ஒண்ணு அண்ணா, ரெண்டும் கிட்டத்தட்ட சமமாத்தான் வரும். ஒரு கேம்ல இது முந்தும், ஒரு கேம்ல அது முந்தும்."

சமமாக வந்தால் சண்டை தீராது. சின்னவன் மறுபடி மாடிக்குப் போவான். நான் நின்றுகொண்டே யோசித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு ஜெயிக்கணும், சொல்லு."

"சின்னவன்."

"அதுக்கென்ன. பெரியவன் மிஷின்ல ரெண்டு ரேம் குச்சி கீது. ஒண்ணக் கழட்டிட்டா மூச்சு வாங்கும். மூடிய மாட்டிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது."

கால் சுற்று திருகாணி. எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. "கழட்டிடுங்க," என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். கேமே தானாக ஒரு தடவை ஓடிக் காட்டி, கடைசியில் எண்ணைச் சொல்கிற வசதி ஒன்று இருந்தது. பெரியவன் கடைக்காரரிடம், "ரெண்டையும் ஒரே ஆளுதான் ஓட்டணும் அண்ணா. தம்பியே அழுத்தட்டும்," என்றான். பாட்டில் டெஸ்ட்டின் சட்டம் அது, ஒரே ஆள், ஒரே ரோடு. நான் சொல்லிக்கொடுத்தது.

சின்னவன் மிஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது. பெரியவன் மிஷின் வளைவுகளில் திக்கித் திக்கி வந்தது. முடிவில் திரையில் பெரிய எழுத்தில் எண் வந்தது. வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். பெரியவன் இரண்டு திரையையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். எடுத்துவிட்டு என் பக்கம் பார்த்தான். சந்தேகமாக இல்லை. "அப்பா இருக்கும்போது வேறென்ன பார்க்க இருக்கு" என்பது போல ஒரு பார்வை. அடியில் இருந்த பொடி எழுத்தை அவன் படிக்கவில்லை.

தம்பியிடம் கையை நீட்டினான். "உன்னுதுதான்டா. வாங்கு."

அன்று மத்தியானம் சின்னவன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். பெரியவன் பீரோ கதவில் ஒட்டியிருந்த தன் படங்களை நகத்தால் சுரண்டி எடுத்தான். சொன்ன சொல்படி அதன்பிறகு வாய் திறக்கவில்லை. நான் நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கல்லூரியில் அவனுடைய சிநேகிதன் ஒருவனிடம் அதே பெரியவன் கம்பெனி பிராசஸர் இருந்திருக்கிறது. அதே கேமை ஓட்டிப் பார்த்தபோது எண் எங்கேயோ மேலே போயிருக்கிறது. பெரியவன் தன் போனில் பழைய படத்தைத் தேடி எடுத்திருக்கிறான்.

பட்டறைக்கு வந்தான். நான் ஒருவருடைய பழைய ஸ்கூட்டரில் பாட்டிலைக் கட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு குனிந்திருந்தேன். வண்டிக்காரர் எதிரில் டீ குடிக்கப் போயிருந்தார்.

"இதப் படிப்பா," என்று போனை நீட்டினான்.

"கண்ணாடி இல்லடா."

"நானே படிக்கறேன். தம்பி மிஷின்ல ரேம் பதினாறு. என் மிஷின்ல எட்டு."

நான் நிமிரவில்லை.

"கடைக்கார அண்ணன் மறந்துட்டாரா?"

அவன் எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மை சொல்லவும் வரவில்லை. கடைசியில் நான் சொன்னது இதுதான்: "நீ பெரியவன்டா."

அவன் என் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரையும் அது தொட்டுக்கொண்டிருந்த திருகாணியையும் பார்த்தான். எல்லாம் அவனுக்குப் புரிந்தது. ஒன்பது வயதில் கேட்ட கேள்விக்கும் சேர்த்துப் புரிந்தது.

"தம்பிகிட்ட சொல்லாதீங்க. அவன் ஜெயிச்சதாவே இருக்கட்டும்," என்றான். அதுவரை என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் வேண்டாம் என்று சொன்னதை மீறித்தான் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. இந்த வருடம் அந்த இரண்டு கம்பெனியும் மறுபடி மேடை போட்டன, மறுபடி இரண்டும் தங்களுடையதே வேகம் என்றன. சாப்பிடும்போது சின்னவன், "அன்னிக்கே தாம்பரத்துல தோத்த கம்பெனிடா அது, இன்னும் என்னா பேச்சு," என்றான். பெரியவன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஆமாடா," என்றான். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

சின்னவனே, நீ ஜெயிக்கவில்லை. உன் அண்ணன் தோற்கவும் இல்லை. அந்த டெஸ்ட்டே நடக்கவில்லை. இரண்டில் எது வேகம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அந்த இரண்டு மாடலும் பழசாகிவிட்டன. கடை இருந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள்.

பெரியவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலையில் இருக்கிறான். ஞாயிறு வருகிறான். பணிவாக இருக்கிறான், வேண்டியதை வாங்கி வருகிறான். எதற்கும் சண்டை போடுவதில்லை. வாடகை வீட்டை மாற்றலாமா என்றாலும், டாக்டர் சொன்னது சரியா என்றாலும், ஒரே பதில்தான். சண்டை போட்ட பிள்ளை எனக்கு வேண்டும். கேட்க எனக்கு முகம் இல்லை.

போன ஞாயிறு, பழைய வண்டி ஒன்று மைலேஜ் கேட்டு வந்தது. இப்போது வருகிற வண்டிகளில் அந்தத் திருகாணி கிடையாது. பாட்டிலை இறக்கியே வெகு நாளாகியிருந்தது. தூசி துடைத்து, நூறு மில்லி ஊற்றிக் கட்டினேன். திருகாணியைத் தொடவில்லை. பெரியவனைப் பின்னால் ஏறச் சொன்னேன். மறுப்பு சொல்லாமல் ஏறினான். வண்டி ஏரிக்கரைத் திருப்பத்தில் இருமி நின்றது. இருவரும் இறங்கினோம்.

"எவ்ளோ காட்டுது, பாருடா," என்றேன்.

அவன் குனியவில்லை. ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீங்க சொன்னா சரிதான்பா," என்றான்.