பவுடர் பூசிய இஞ்சின்

மும்பை செம்பூரில் ஒரு லிஃப்டில் யாரோ பூசிவந்த முகப்பவுடர் வாசனை, இன்று அடுக்குமாடியாகிவிட்ட தாராவிச் சந்தில் ஆயில் நாறிய அப்பாவின் தகர மெக்கானிக் கொட்டகைக்கே என்னைக் கொண்டுபோனது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் அடிப்பாகத்தை அவர் எத்தனை முறை பிரித்து மாட்டியும் ஆயில் சொட்டுவது நிற்கவில்லை. அவர் தினமும் கேலிசெய்யும் தன் பவுடர் டப்பாவோடு வந்தாள் அம்மா. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த இஞ்சின் முழுக்கத் தூவினாள்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி தடதடக்க, வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு இஞ்சினின் உச்சி மூடியிலிருந்து இறங்கியது.

"மேல இருந்துல்லா ஒழுகுது! கீழயே நோண்டிட்டு இருக்கியளே!"

சந்தே கைதட்டியது. மறுநாள் அப்பா இரண்டு டப்பாக்கள் வாங்கிவந்தார்.

"சின்னது இஞ்சினுக்கு. பெரிசு ஒனக்கு."