பிள்ளையாருக்கு நேர்ந்த நீலப் பூ

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் மங்கையற்கரசிக்கும் அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கும் கிடைத்தது, சுரங்கத் தொழிலாளருக்கென்று ஒரு காலத்தில் கட்டிய பழைய வீட்டின் மேல்மாடி. கீழே ஃபிராவ் வீட்மன் என்ற விதவை இருந்தார். மங்கையற்கரசியின் வயதுதான் இருக்கும். பின்வளவுத் தோட்டம் முழுக்க அவருடைய ராச்சியம்.

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியும்வரை வேலைக்குப் போக அனுமதியில்லை. மங்கையற்கரசி யன்னலோடு நின்று அந்த வளவையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் வெங்காயமும் மிளகாயும் நட்ட கை சும்மா இருக்குமா, அரித்துக்கொண்டே இருந்தது.

அதைக் கவனித்தோ என்னவோ, ஒருநாள் ஃபிராவ் வீட்மன் பாதி விதைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். உயர்ந்த மலைகளில் குளிருக்குள் பூக்கும் நீலப் பொப்பி. மூன்று தரம் விதைத்துத் தோற்றுப்போன எரிச்சல் அவருக்கு. "உன்னால் முடிந்தால் முளைக்க வை" என்று சொல்லிவிட்டுப் போனார். பொட்டலத்தில் இருந்த படத்தைப் பார்த்ததும் மங்கையற்கரசி சொக்கிப்போனாள். ஊர் வேலியில் நீலக் காக்கணம்பூ கண்டவள்தான். இப்படித் தெளிந்த நீலத்தை அவள் எந்தப் பூவிலும் கண்டதில்லை.

பயறு முளைக்கப்போடுவது மாதிரி, விதையில் பாதியை இளஞ்சுடுநீரில் ஊறப்போட்டு, ஈரத்துணியில் முடிந்து ஹீட்டருக்கு மேல் வைத்தாள். நாலாம் நாள் நாற்றமெடுத்தது. "குளிர் வேண்டும், குளிர்!" என்று ஃபிராவ் வீட்மன் கைகளை ஆட்டிச் சத்தம் போட்டார். மங்கையற்கரசிக்கு ரோசம் வந்துவிட்டது. மிச்ச விதையை ஃபிரிட்ஜுக்குள் பத்திரப்படுத்தினாள். அடுத்த மாரிக்குளிரில் தட்டில் மண் பரப்பி, மேலே தூவி, மண்ணால் மூடாமல், கண்ணாடித் துண்டொன்றை வைத்துப் பனிக்குள் விட்டாள். ஊர்ச் சனமெல்லாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, விதையைப் பனியில் விடுவது பாவமாகத்தான் இருந்தது.

வசந்தத்தில் முளைத்தன. முளைத்த வேகத்தில் ஒவ்வொன்றாக அழுகியும் போயின. கடைசியில் ஒன்றே ஒன்று தப்பியது. அதை வெயில் படாத வடக்குச் சுவரோரம் நட்டு, கோடையில் ஈரச்சாக்குக் கட்டி நிழல் கொடுத்தாள்.

"எனக்கு ஒரு தேத்தண்ணிக்கு வழியில்லை. செடிக்கு மட்டும் நேரத்துக்கு நேரம் தண்ணி" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"செடி உங்களைப்போல வாய் காட்டாது" என்றாள்.

மாரியில் இலையெல்லாம் மண்ணோடு மண்ணாகிப்போக, செத்துவிட்டதென்று அழுதாள். பனி உருகியதும் மயிர் முளைத்த இலைகள் மறுபடி எட்டிப்பார்த்தன. வைகாசியில் நடுவிலே ஒரு மொட்டும் வந்தது.

அதே கிழமைக்குள்தான் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்கறிஞர் மேல்முறையீடு செய்தார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஃபிராவ் வீட்மன் மொட்டைக் கண்டதும் விரல்களால் கத்தரிக்கோல் காட்டினார். முதல் மொட்டைப் பூக்கவிட்டால் செடி அதோடு செத்துவிடும், கிள்ளிவிட்டால் வேர் பெருத்து வருடா வருடம் பூக்கும் என்றார்.

"விசர்க்கதை. வாற வருசம் எங்களை இஞ்ச விடுவாங்களோ ஆருக்குத் தெரியும்? பூக்கட்டும், பாத்திட்டுப் போவம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"செத்துப்போமாமெல்லே?"

"நாங்கள் போனாப்பிறகு அது இருந்தென்ன, செத்தென்ன?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த நாட்டில் தன் கையால் வளர்ந்தது என்று சொல்ல அவளுக்கு வேறொன்றும் இல்லை. அது பூப்பதை ஒருதரமாவது பார்க்க வேண்டும் என்று ஆசை ஆசையாக இருந்தது. இரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் காலை முழுகிவிட்டு இறங்கிப்போய் மொட்டைக் கிள்ளினாள்.

எறிய மனம் வரவில்லை. விரியாத மொட்டைச் சுவாமிக்கு வைப்பதில்லை என்று தெரிந்துகொண்டே, அலுமாரித் தட்டிலிருந்த பிள்ளையார் படத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"பிள்ளையாரப்பா, வாற வருசம் முதல் பூ உனக்குத்தான். பூ வேணுமெண்டால் எங்களை இஞ்ச வைச்சிரு."

பிள்ளையாரோடு பேரம் பேசுகிறாளே என்று ஸ்ரீஸ்கந்தராஜா சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து செடியைப் பற்றி ஒரு பகிடியும் விடவில்லை. சாக்கைக்கூட அவரே நனைத்தார்.

வழக்கு இழுபட்டது. தங்கும் அனுமதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். அடுத்த வருடம் ஆனியில் செடி மூன்று மொட்டு விட்டது. ஒரு காலையில் முதல் மொட்டு விரிந்திருந்தது. பொட்டலத்துப் படம் பொய் சொல்லவில்லை. ஃபிராவ் வீட்மன் வாயில் கை வைத்தபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மங்கையற்கரசி முழுகி, ஈரத்தலையோடு தட்டத்தை ஏந்தி வந்து, பூவைப் பறித்தாள்.

"பைத்தியமா உனக்கு? இத்தனை வருடம் காத்திருந்தது இதற்கா?" என்று அலறிவிட்டார் ஃபிராவ் வீட்மன்.

விளக்கிச் சொல்ல மங்கையற்கரசியிடம் அவ்வளவு ஜெர்மன் இல்லை. கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். ஃபிராவ் வீட்மன் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத் தன் சப்பாத்தையும் கழற்றினார். பிள்ளையாரின் முன்னால், செம்புத் தண்ணீரில் பூ நின்றது. அவர் அதைப் பார்த்தார், அவள் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப்போனார்.

நேர்த்திக்கடன் தீர்ந்துவிட்டது. நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய மங்கையற்கரசிக்கு அப்போதுதான் அது உறைத்தது. பிள்ளையாருக்குச் சேரவேண்டிய பூ சேர்ந்துவிட்டது. இனி அவர் எதற்கு இவர்களை இங்கே வைத்திருக்க வேண்டும்?

ஓடிப்போய்த் திரும்பவும் படத்தின் முன்னால் நின்றாள்.

"அடுத்த வருசத்து முதல் பூவும் உனக்குத்தானப்பா" என்றாள் அவசரமாக.